ஒரு மடக்குக் கொசுறு

உப்பு விளைகிற மண்ணில் நல்ல தண்ணீர் ஊறாது, இரண்டையும் ஒரே ஊருக்குக் கொடுக்கக் கடவுளுக்கு மனசு வரவில்லை, வெள்ளோடைத் தெருவுக்கு வாய்த்தது உப்பு. மூன்று பக்கம் உப்புப் பாத்தி, நாலாவது பக்கம் பைபாஸ் ரோடு, வெயில் ஏறினால் தெருவே உடைந்த கண்ணாடி மாதிரிக் கண்ணைக் குத்தும், லாரியில் வருகிற தண்ணீரைக் குடிக்கலாம் என்று லாரியிலேயே எழுதியிருந்தாலும் அது கடுத்துக் கிடக்கும், அதில் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், அதனால் காலையில் கடுங்காப்பி, சாயங்காலம் கடுங்காப்பி, எழவு வீட்டில் கடுங்காப்பி, பெண் பார்க்க வந்தவர்களுக்கும் கடுங்காப்பி, பால் டீ என்பது கல்யாணமாகி வெளியூர் போன பிள்ளைகள் போனில் சொல்லிப் பீற்றிக்கொள்கிற சமாசாரம்.

அந்தத் தெருவில் ஜெபக்கனி பிளஸ் டூவில் வேதியியலில் மட்டும் பெயிலாகி வீட்டில் இருந்தாள். அழவெல்லாம் இல்லை. படிப்பு அவளுக்குப் பிடிக்காது, வெயில் அதைவிடப் பிடிக்காது, இரண்டில் எது குறைந்த சனியன் என்று யோசித்துப் படிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஞானப்பூவுக்கு உப்பின் வெளிச்சத்தில் கண் மங்கிப்போய், கண்ணாடி போட டவுனுக்குக் கூட்டிப் போனபோது, அங்கே கண் டெஸ்ட் பண்ணுகிற அறை இருட்டாக இருந்தது, குளுகுளுவென்று இருந்தது, டெஸ்ட் பண்ணுகிற அக்கா உட்கார்ந்துகொண்டே வேலை பார்த்தாள். இருட்டு, ஏசி, நாற்காலி. இதற்கு மேல் ஒரு வேலையில் என்ன வேண்டும் என்று ஜெபக்கனி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அந்தப் படிப்புக்கு வேதியியலில் பாஸாகியிருக்க வேண்டும். துணைத்தேர்வு வருகிறது. அதிலும் போனால் அம்மாவின் மூன்று சக்கர வண்டிதான், சாகும்வரை வெயில்தான்.

அந்த மூன்று சக்கர வண்டியில் உப்பை ஏற்றிக்கொண்டு ஞானப்பூ ஊர் ஊராக மிதிப்பாள், மகள் பின்னால் உப்புச் சாக்கின்மேல் உட்கார்ந்து வருவாள், நடக்கத் தெரிந்த நாள் முதல் அப்படித்தான். ஞானப்பூ படியில்தான் அளப்பாள், படியைத் தலைதட்டி அளக்க மாட்டாள், கோபுரமாகக் குவித்து அளப்பாள், அளந்து கொட்டியபிறகு மேலே ஒரு கை அள்ளிப் போடுவாள். தட்டி அளந்தால் அடுத்த வருசம் பாத்தியில் உப்பு பூக்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அள்ளிப்போடுகிற அந்த ஒரு கை ஜெபக்கனியின் வேலை. அவள் கை தானாகவே போகும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் போகும்.

அதே கைதான் பரீட்சையிலும் போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது சேர்மத்துரை, பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவன். தெருமுனையில் சந்தனமாரியின் காப்பிக் கடை, அதன் முன்னால்தான் அவன் ஆட்டோ நிற்கும், சவாரி இல்லாத நேரத்தில் பின் சீட்டில் ஜெபக்கனியை உட்காரவைத்து அவன் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து பாடம் நடத்துவான்.

"ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தா தண்ணி. எழுதிச் சமன்செய்யி பாப்பம்."

அவள் எழுதினாள். ரெண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, அம்புக்குறி, அதற்கப்புறம் மூன்று தண்ணீர்.

"எல்லாஞ் செரியா வந்து கடைசீல மூணு ஏம்ட்டி?"

"ரெண்டுதாண்ணே வருது. ஒண்ணு சேத்துப் போட்டேன்."

"எதுக்கு?"

"கொடுக்கும்போது ஒண்ணு கூடக் கொடுக்கணும்லா."

சேர்மத்துரைக்கு அப்போதுதான் விளங்கியது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் விற்கிறவர், அந்தப் பக்கம் வாங்குகிறவர் என்று நினைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை வருசம் முழுக்க எல்லாச் சமன்பாட்டுக்கும் கொசுறு போட்டு வந்திருக்கிறது. எரிகிற மெக்னீசியத்துக்கும் கொசுறு, துருப்பிடிக்கிற இரும்புக்கும் கொசுறு. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன் சீட்டில் கிடந்த காலி டம்ளரைப் பார்த்தான். அதில் ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் அவன் அதில் கடுங்காப்பி குடித்துக் கவிழ்த்து உதறி வைத்திருந்தான்.

எடுத்துக் குடித்தான். "நல்ல தண்ணி" என்றான்.

"இன்னொரு தடவ போடட்டா?"

"போடு."

போட்டாள், இன்னொரு மடக்கு வந்தது. கணக்கில் உள்ள இரண்டு தண்ணீர் கணக்கிலேயே இருந்துகொண்டது, வந்தது கொசுறு மட்டும்தான். சேர்மத்துரை மனசுக்குள் கூட்டிப் பார்த்தான், ஒரு மோல் தண்ணீர் பதினெட்டு கிராம், பதினெட்டு கிராம் ஒரு மடக்கு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவனுக்குத் திருப்தியாகிவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்கவில்லை. தண்ணீர் வரும்போது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது, வராதபோதுதான் கேட்பார்கள்.

பத்துச் சமன்பாட்டில் டம்ளர் நிறைந்தது. அதைச் சந்தனமாரி வாங்கிப் பாலோடு கலந்து அடுப்பில் வைத்தாள். பால் திரியவில்லை. பொங்கி, நுரைத்து, டீத்தூள் போட்டதும் செம்மண் நிறத்துக்கு வந்தது. நாலு பேர் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், சந்தனமாரி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுக்காகவா எங்கக்கா கல்யாணமாகிப் போனவ திரும்பியே வரல" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஜெபக்கனி வீட்டு வாசலில் சொம்பு, டம்ளர், தூக்குவாளி, பால் புட்டி, யாரோ கொண்டுவந்து வைத்த கோயில் திருவிழாப் பரிசுக் கோப்பை என்று வரிசையாக நின்றது. அவள் நடுவில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் முதுகில் சமன்பாடு எழுதுவாள், எந்தப் பாத்திரம் கைக்குக் கிட்டே இருக்கிறதோ அதில் ஒரு மடக்கு விழும், பெண்கள் அடுத்த பாத்திரத்தை நகர்த்துவார்கள். இவ்வளவுதான் அதிசயம். மூன்றாம் நாளே அது அதிசயமாக இல்லாமல் போய், "இன்னிக்கு என்னட்டி லேட்டு?" என்று கேட்கிற விசயமாகிவிட்டது.

"ஒவ்வொண்ணா எழுதுததுக்கு அந்த மூணுக்குப் பக்கத்துல ஒரு சைபர் போட்டா என்ன?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கொசுறுன்னா ஒரு கை. முப்பது போட்டா அது கொசுறா? கொள்ள" என்றாள் ஜெபக்கனி. அவளுக்கு வாய் அப்படித்தான்.

மற்றப் பாடங்களையும் தெரு பரிசோதித்துப் பார்த்தது. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் தண்ணீரும் ஆகிற கணக்கில் இரண்டுக்கும் கொசுறு போட்டாள், ஒரே டம்ளரில் ஒரு கை உப்பும் ஒரு மடக்குத் தண்ணீரும் விழுந்து, உப்பளத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டு உப்புத் தண்ணீர் வரவழைத்த முதல் ஆள் என்று பெயர் வாங்கினாள். சுண்ணாம்புக்கல் கணக்கில் வந்த வாயு சந்தனமாரியின் அடுப்பை அணைத்தது. அம்மோனியா போட்ட அன்றைக்குத் தெரு முழுக்கப் பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து மாதிரி நாறி, குழந்தைகள் இருமி, சந்தனமாரி கடையிலிருந்தே கத்தினாள்: "ஏட்டி, அந்தப் பாடத்த மூடு! மூடுட்டி!"

"தங்கத்துக்குக் கணக்கு இருக்கால?" என்று ஒருத்தர் சேர்மத்துரையிடம் ரகசியமாகக் கேட்டார்.

"தங்கம் லேசுல எதோடயும் சேராது அண்ணாச்சி. இவ புஸ்தகத்துல அதுக்குக் கணக்கு கெடையாது."

"பெறகு என்ன எழவுக்குப் படிக்கிய எல்லாரும்?"

தெருவே படித்தது, அதுவும் உண்மைதான். கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லாம் காலண்டர் தாளில் மூன்று தண்ணீர் எழுதிப் பார்த்தார்கள், சேர்மத்துரையும் எழுதிப் பார்த்தான், யாருக்கும் ஒரு சொட்டு வரவில்லை. அவர்கள் தப்பு என்று தெரிந்து எழுதினார்கள், வரட்டும் என்று எழுதினார்கள். ஜெபக்கனியோ அதுதான் மரியாதை என்று நினைத்து எழுதினாள்.

கொஞ்ச நாளில் வெள்ளோடைத் தெரு பால் டீ குடிக்கிற தெருவாகிவிட்டது. பைபாஸில் போகிற லாரிக்காரர்கள் இறங்கிவந்து குடித்தார்கள். சந்தனமாரி இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டாள். கல்யாணமாகிப் போன பிள்ளைகளுக்கு இப்போது இங்கிருந்து போன் போட்டுப் பீற்றினார்கள். வீட்டுக்கு வீடு ஒரு புட்டியாவது மிச்சம்பிடித்து, காய்ச்சலுக்கு, விருந்தாளிக்கு, விசேசத்துக்கு என்று அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். எல்லோரும் ஜெபக்கனியை "தாயி" என்றார்கள், அவள் என்ன எடுத்தெறிந்து பேசினாலும் சிரித்தார்கள், மீன் வறுத்தால் முதல் துண்டு அவளுக்கு வந்தது, இதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் மீன் நன்றாக இருந்தது.

"அண்ணே, தப்புத் தப்பா எழுதிக்கிட்டே இருந்தா நா எப்பிடி பாஸாவேன்?" என்று ஒருநாள் சேர்மத்துரையிடம் கேட்டாள்.

அவன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "பரீட்ச கிட்ட வரட்டும், செரி பண்ணிக்கிடலாம்" என்றான். நல்லவன்தான். டீயும் நன்றாக இருந்தது.

வைகாசி போய் ஆனி வந்தது, ஆனி போய் ஆடி வந்தது, பாத்திகளில் உப்பு அடை அடையாகப் பூத்தது. ஜெபக்கனிக்குச் செருப்பு பெரிதாகிப்போனது. முதலில் வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. உதடு வெடித்தது. லாரித் தண்ணீரை அண்டா அண்டாவாகக் குடித்தாள், குடித்தது எங்கே போகிறதென்று தெரியவில்லை. உச்சிவெயிலில் எல்லோரும் குளித்தமாதிரி நனைந்து நிற்க, அவளுக்கு மட்டும் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. தெரு அதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டது. "பிள்ள எப்பிடி வாடாம இருக்கு பாரு" என்றது.

ஞானப்பூவின் கால் ஒரு தராசு. எத்தனை மூட்டை ஏறியிருக்கிறது என்று பெடலை மிதித்தே சொல்லிவிடுவாள், ஒரு படி குறைந்தால்கூட முழங்கால் சொல்லிவிடும். அன்றைக்கு விற்று முடித்துக் காலி வண்டியில் அம்மாவும் மகளும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஞானப்பூ மிதித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "ஏட்டி, ஏறலயா நீ? ஓடியா" என்று சத்தம் போட்டாள்.

"பின்னாலதான இருக்கேன்."

வண்டி நின்றது. ஞானப்பூ இறங்கி வந்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மகளைப் பார்த்தாள், பிறகு இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினாள். பதினேழு வயசுப் பிள்ளையை, காலி உப்புச் சாக்கை உதறுவதற்குத் தூக்குகிற மாதிரித் தூக்கிவிட்டாள். தூக்கியவள் இறக்கிவிடாமல் அப்படியே நின்றாள். கடல்காற்று அடித்தபோது ஜெபக்கனியின் கால் இரண்டும் ஒரு பக்கமாகப் போயிற்று.

"இறக்கிவிடும்மா, ஆளுங்க பாக்காவ."

"எங்கட்டி போன நீ?" என்றாள் ஞானப்பூ. "நீ எங்கட்டி போன?"

ஜெபக்கனி வண்டியில் உட்கார்ந்து யோசித்தாள். யோசிப்பது அவளுக்குப் பிடிக்காத வேலை, ஆனால் அம்மா வண்டியை எடுக்கிற மாதிரி இல்லை. இறங்கிப்போய் ரோட்டோரம் உப்பு படர்ந்து வெளுத்துக் கிடந்த மண்ணில் ஒரு குச்சியால் எழுதினாள், இத்தனை மாதமாக எழுதித் தள்ளிய அதே சமன்பாடு. இந்த முறை அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எண்ணினாள். இடது பக்கம் ஹைட்ரஜன் நாலு, ஆக்சிஜன் இரண்டு. வலது பக்கம் ஹைட்ரஜன் ஆறு, ஆக்சிஜன் மூன்று. பாடம் நடத்தியபோது டீச்சர் சொன்னதும் சேர்மத்துரை சொன்னதும் ஒன்றேதான், பொருளை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது, அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான். அப்படியானால் இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் எங்கிருந்து போயின? எழுதும்போது அங்கே இருந்தது யார்?

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேதியியல் கணக்குக்கு அவளுக்குச் சரியான விடை வந்தது.

"யம்மா, நாந்தான்" என்றாள். "தண்ணியா போனது நாந்தான். தெருவே என்னயப் போட்டு டீ குடிச்சிருக்கு."

ஞானப்பூ மண்ணில் எழுதியிருந்ததைப் பார்த்தாள், அவளுக்கு அது ஒன்றும் புரியவில்லை, முழங்காலில் புரிந்திருந்தது. "குவிச்சி அளன்னு நாந்தானட்டி சொன்னேன்" என்று தலையில் கைவைத்தாள்.

"நீ உப்பத்தான அளக்கச் சொன்ன, என்னயவா அளக்கச் சொன்ன? பொலம்பாத, வா. வண்டிய எடு."

காப்பிக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஜெபக்கனி பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. இனிமேல் தண்ணீர் கிடையாது, வந்த தண்ணீர் என் உடம்பு, இதற்குமேல் எழுதினால் காற்றில் பறந்துபோவேன், அவ்வளவுதான்.

ஒவ்வொருவராகக் கையிலிருந்த டம்ளரைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்கள். பிறகு ஓரத்தில் இருந்த அண்ணாச்சி ஒருவர் தொண்டையைச் செருமி, "ஒரேயடியா நிறுத்தாண்டாம் தாயி, வீட்டுக்கு ரெண்டு மடக்குன்னு நிதானமா…" என்று இழுத்தார்.

"நிதானமா உம்ம கால் வெரலு ரெண்ட வெட்டித் தாரும். நானும் ரெண்டு மடக்கு தாரேன்."

"அதுக்கில்ல பிள்ள, தெரு பழகிப்போச்சி…"

"எனக்கும்தான் பழகிப்போச்சி! மேல்கையில வளையல் போடுதேன், பாரும்!"

சேர்மத்துரை ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். பி.எஸ்ஸி. படித்தவன், முதல் மடக்கிலேயே எங்கிருந்து என்று கேட்டிருக்க வேண்டியவன். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

சந்தனமாரி கையிலிருந்த துணியால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த டீச் சட்டியை இறக்கினாள். இறக்கியவள் யாருக்கும் ஊற்றவில்லை. கீழே கொட்டவும் இல்லை. அது இந்தப் பிள்ளை என்று தெரிந்தபிறகு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? சட்டியைப் பிடித்தபடி நின்று நின்று, கடைசியில் ஒரு பெரிய டம்ளரில் அதை முழுசாக வடித்து ஜெபக்கனியின் கையில் கொடுத்தாள்.

"குடி."

"எனக்கு டீயே பிடிக்காதுத்த."

"குடிட்டின்னா!"

குடித்தாள். தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, அதற்கப்புறம் கால்வரை இறங்கியது. இத்தனை நாள் குடித்த லாரித் தண்ணீர் எதுவும் அப்படி இறங்கியதில்லை. வலது கால் செருப்பு கொஞ்சம் இறுகியது. எல்லோரும் குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள்.

"அவளுதுதான், அவகிட்ட ஒட்டுது" என்றாள் சந்தனமாரி.

பரீட்சைக்கு முன்னால் இருந்த நாட்களில் ஜெபக்கனி எழுதவே இல்லை. எழுதினால் கை தானாகப் போய்விடும். தண்ணீர் விழுவதுகூட அப்புறம்தான், சரியாக எழுதி நிறுத்துவது என்று நினைத்தாலே படியைத் தலைதட்டி அளந்து யாருக்கோ துரோகம் பண்ணுகிறமாதிரி மனசு கூசியது. அதனால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்து மனசுக்குள்ளேயே எண்ணினாள். பரீட்சையில் கை அடங்காமல் போய்விட்டால், இருட்டும் போச்சு, ஏசியும் போச்சு, ஒருவேளை அவளே போச்சு. தெரு கடுங்காப்பிக்குத் திரும்பியது. லாரிக்காரர்கள் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டுப் போனார்கள். அதற்காகச் சந்தனமாரி யாரையும் திட்டவில்லை.

பரீட்சை அன்று காலையில் அவள் யூனிபார்ம் மாதிரி ஒரு சுடிதாரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் பாத்திரங்கள் நின்றன. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெறும் பாத்திரம் இல்லை, எல்லாம் நிறைந்திருந்தன. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்த புட்டிகள், காய்ச்சலுக்கு வைத்தது, விருந்தாளிக்கு வைத்தது, ஞானஸ்நானத்துக்கு வைத்தது, மாமியாருக்குத் தெரியாமல் வைத்தது, மாமியார் மருமகளுக்குத் தெரியாமல் வைத்தது, இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். எல்லோருக்கும் பின்னால் சந்தனமாரி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், கழுத்துவரை நிறைந்த குடம், ஐப்பசியில் தன் மகளைப் பரிசம் போட வருகிறவர்களுக்கு நல்ல டீ கொடுக்க வேண்டும் என்று தினம் ஒரு டம்ளராகச் சேர்த்தது.

"அத்த, பரிசத்துக்கு?"

"கடுங்காப்பி குடிக்காத மாப்பிள என்ன மாப்பிள. உக்காருட்டி."

"சுடிதாரு நனையும், பரீட்சைக்கு நேரமாச்சி…"

"நனையாது, உக்காரு" என்றாள் ஞானப்பூ.

தெரு நடுவில் அவளை உட்காரவைத்து ஊற்றினார்கள், புட்டி புட்டியாக, சொம்பு சொம்பாக, உச்சந்தலையில். ஒவ்வொருத்தியும் ஊற்றும்போது ஏதோ சொல்லி ஊற்றினாள், ஒருத்தி மன்னிச்சிக்கோ என்றாள், ஒருத்தி நல்லா எழுது என்றாள், ஒருத்தி அடுத்தவளைத் தள்ளி நில்லு என்றாள், தலையில் விழுந்த தண்ணீர் தோளுக்கு வந்தது, தோளிலிருந்து மடிக்கு வந்தது, மடியிலிருந்து தரைக்கு வரவேயில்லை, அவளைச் சுற்றி மண் காய்ந்தது காய்ந்தபடி கிடந்தது, சுடிதார் மொடமொடவென்று இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. கன்னம் உப்பியது. வளையல் மணிக்கட்டுக்கு வந்து நின்றது. குடித்துத் தீர்த்ததுதான் அதிகம், மிச்சம் இருந்தது கொஞ்சம்தான், அது தெரிந்துதான் சந்தனமாரி குடம் கவிழ்ந்தபிறகும் ஒவ்வொரு வீட்டிலும் அன்றைய லாரித் தண்ணீரில் ஆளுக்கு ஒரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினார்கள், கடுத்த தண்ணீர்தான், அதுவும் தரைக்கு வரவில்லை.

எழுந்து நின்றபோது கால் தரையில் பதிந்தது. ஞானப்பூ அவளைத் தூக்கிப் பார்த்தாள், தூக்க முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, கனக்குதாளே" என்று சிரித்தாள். சேர்மத்துரை ஆட்டோவை எடுத்தான், பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, "எண்ணி எழுதுட்டி" என்றான்.

"நீரும் எண்ணியிருக்கலாம்ணே" என்றாள். உடனே, "செரி, போயிட்டு வாரேன். சாயங்காலம் வாரும்" என்றாள்.

ஹாலில் மின்விசிறி வெந்நீரைக் கலக்குகிற மாதிரிச் சுற்றியது. மேற்பார்வைக்கு வந்திருந்த மிஸ் தன்னுடைய காலித் தண்ணீர்ப் புட்டியை ஜெபக்கனியின் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் கேள்வித்தாள் கொடுத்துக்கொண்டே போனாள், எடுக்க மறந்துவிட்டாள். இரண்டாம் பக்கத்தில் அது வந்தது. மீத்தேன் எரிகிறது, சமன்செய்க.

எழுதினாள். ஒரு மீத்தேன், இரண்டு ஆக்சிஜன், அம்புக்குறி, ஒரு கார்பன் டை ஆக்சைடு, அப்புறம் தண்ணீர். தண்ணீருக்கு முன்னால் எண் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. இரண்டு என்று தெரியும். கை மூன்றுக்கு வளைந்தது. பக்கத்தில் காலிப் புட்டி, அந்த மிஸ்ஸுக்கு நாக்கு வறண்டுதான் இருக்கும், ஒரு மடக்குதானே.

பேனாவைக் கீழே வைத்தாள். இடது பக்கம் கார்பன் ஒன்று, ஹைட்ரஜன் நாலு, ஆக்சிஜன் நாலு. வலது பக்கமும் அதே கார்பன், அதே நாலு, அதே நாலு. எண்ணிக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் வாங்க வந்தவர் ஒருத்தரும் இல்லை. படியை நீட்டிக்கொண்டு யாரும் நிற்கவில்லை. இந்தப் பக்கம் இருந்த அதே கூட்டம்தான் இடம் மாறி, ஜோடி மாறி அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. தனக்குத் தானே எவளாவது கொசுறு போடுவாளா?

இரண்டு என்று எழுதினாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புட்டியில் ஒன்றும் விழவில்லை. மின்விசிறி கறக் கறக் என்றது, முன் பெஞ்சுப் பையன் தும்மினான், வேறொன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்காமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று அவள் மேஜைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கன்னம் வைத்த இடம் ஈரமாகியது. வேர்வை. அதைத் துடைக்காமல் அடுத்த கேள்விக்குப் போனாள், எண்ணினாள், எழுதினாள், அடுத்ததற்குப் போனாள். ஒரு மாதம் கழித்து நாற்பத்தொரு மார்க் வந்தது. அதில் ஒரு மார்க்கூடக் கொசுறு இல்லை என்று சேர்மத்துரை தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அது பிறகு. அன்றைக்கு ஹாலில், கடைசிக் கேள்வியில் இருந்தபோது, அடிவயிற்றில் ஏதோ ஒன்று முட்டியது. அது என்னவென்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. மாதக்கணக்காக அந்த நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. பிடிபட்டதும் காலைப் பின்னிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

"மிஸ், ஒண்ணுக்குப் போவணும்."

"அரை மணி நேரந்தாம்மா இருக்கு, முடிச்சிட்டுப் போயேன்."

"தாங்காது மிஸ்."

மிஸ் வராண்டாவில் நின்ற ஆயாவைக் கூப்பிட்டாள். ஆயா வருவதற்குள் ஜெபக்கனி ஓடினாள், முழு எடையோடு தடதடவென்று வராண்டா அதிர ஓடினாள், கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். பெய்தாள். பெய்துகொண்டே இருந்தாள், தெருவில் ஊற்றினதெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலை முடிந்து வெளியே வருகிறமாதிரி, வர வர உடம்பு லேசாகாமல் நிம்மதியாகக் கனத்துக் கிடக்க, அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலும் வந்தது.

வெளியே ஆயா கதவைத் தட்டினாள். "ஏ பிள்ள, இவ்ளோ நேரமா என்ன பண்ணுத உள்ள? ஆச்சா, இல்லயா?"

"இல்லக்கா, வந்துக்கிட்டே இருக்கு!" என்று கத்தினாள் ஜெபக்கனி. அவ்வளவு சந்தோசமாக அவள் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை.